பயந்த சுபாவமும் பிறருக்காக ஓடும் மனசும் ஒரே பிள்ளையிடம் இருக்குமா?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பாருங்கள். தம்பிக்கு 16 வயது. ஏழு வருடமாக நீந்துகிறான். ரிலேயில் இறங்கினால் பறக்கிறான். அதே தூரத்தைத் தனிப் போட்டியில் நீந்தச் சொன்னால் தண்ணீரில் பாய ஏறி நிற்கும் ஸ்டார்டிங் பிளாக்கில் கால் நடுங்குகிறது. நீச்சல் குளத்தைத் தாண்டி ஏரி, கடல் என்றால் கரையிலேயே நின்றுவிடுவான். ஆனால் குழுவில் யாருக்கு என்ன ஆனாலும் முதல் ஆளாக நிற்பவன் அவன்தான். சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீருக்குள் மூச்சு விடச் சொல்லிக்கொடுப்பான், தோற்றுப் போனவனைத் தேடிப் போய் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இரண்டு வருடம் முன்பு ஏரிக்கரையில் ஒரு குழந்தை வழுக்கி விழுந்தபோது உடுத்தியிருந்த துணியோடு குதித்துத் தூக்கி வந்தான், அன்று ராத்திரி முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். போன மாதம் தேர்வுப் போட்டியில் தன் இடத்தை நண்பனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான். 'இவனுக்குப் போட்டிக் குணமே கிடையாது' என்கிறார் கோச். இது என்ன வகை ஆளுமை, மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எனக்கு என்னவோ இதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. தம்பி உண்மையிலேயே நல்ல மனசுக்காரனா, இல்லை பயத்தை மறைக்கத்தான் எல்லோருக்கும் ஓடி ஓடிச் செய்கிறானா? அக்காவாக உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் பத்து வருடம் நீச்சல் பயிற்சியாளராக இருந்தவன். அப்புறம் உளவியல் படித்து, இப்போது பதின்பருவ விளையாட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். உங்கள் தம்பி போன்ற பிள்ளைகள் என் கைக்கு நிறையவே வந்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. அக்கா சொல்லும் சித்திரத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன். அக்காமார் பார்ப்பது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் அவனே சொன்னால் கதை வேறு மாதிரி இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் 'வகை' என்ற சொல்லை ஓரமாக வைத்துவிடலாம். நாலு எழுத்துக் குறி கொடுக்கும் இணையத் தேர்வுகள், ஒன்பது வகை மனிதர்கள் என்ற பட்டியல்கள் எல்லாம் பேசிக்கொள்ள நன்றாக இருக்கும். ஆனால் ஆளுமை பெட்டி பெட்டியாக வருவதில்லை, அளவாக வருகிறது. உயரம் போல. உலகத்தில் குட்டையானவர்கள், நெட்டையானவர்கள் என்று இரண்டே கூட்டம் இல்லை, நடுவில்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள். பயம், பரிவு, பிடிவாதம் எல்லாம் அப்படித்தான். ஆகவே உங்கள் தம்பி எந்த வகை என்பதை விட, அவனிடம் எது எது எவ்வளவு இருக்கிறது, ஒன்று மற்றொன்றை எப்படி இழுக்கிறது என்று பார்ப்பது பலன் தரும்.

இங்கேதான் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடிய ஒரு விஷயம் வருகிறது. பயந்த சுபாவமும் பிறர் மேல் உருகும் மனசும் எதிரெதிர் குணங்கள் என்று நாம் நினைக்கிறோம். வீரன்தான் பிறரைக் காப்பான், பயந்தாங்கொள்ளி தன்னைத்தான் காத்துக்கொள்வான் என்பது கதைகளில் வரும் கணக்கு. மைக்கேல் ஆஷ்டன், கிபியோம் லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல மொழிகளில் மனிதக் குணங்களைக் குறிக்கும் சொற்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, ஹெக்ஸாகோ என்ற ஆறு அளவுகோல் கொண்ட முறையை உருவாக்கினார்கள். அதில் ஒரு அளவுகோலுக்கு உணர்ச்சிவயம் என்று பெயர் சொல்லலாம். அந்த ஒரே அளவுகோலுக்குள் நாலு குணங்கள் வருகின்றன: உடலுக்கு ஆபத்து வருமோ என்ற அச்சம், கவலை, பிறரைச் சார்ந்திருக்க விரும்புவது, நெருங்கியவர்கள் மேல் நெகிழ்ச்சி. ஆபத்துக்குப் பயப்படுகிறவர்களிடம் நெருங்கியவர்களோடு இறுகப் பிணைந்திருக்கும் குணமும் கூடச் சேர்ந்து வருகிறது என்று பொருள். இது ஏன் என்று கேட்டதற்கு, தன் உறவுகளைக் காப்பதற்காகவே இந்தக் குணக்கூட்டம் உருவாகியிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். குணங்கள் சேர்ந்து வருகின்றன என்பது அளந்து பார்த்தது, உறுதியானது. ஏன் சேர்ந்து வருகின்றன என்பது ஊகம்தான், நல்ல ஊகம்.

இன்னொரு ஆய்வையும் சொல்கிறேன். அபிகேல் மார்ஷ் என்பவர் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தவர்களை ஆராய்ந்தார். 2014-இல் வெளியான அந்த ஆய்வில் 19 கொடையாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க 20 சாதாரண ஆட்கள். பயந்து போன முகங்களின் படத்தைக் காட்டியபோது கொடையாளிகளின் மூளையில் வலது அமிக்டலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. அளவிலும் அது சற்றுப் பெரிதாக இருந்தது. பயத்தை உணர்வதில் முக்கியப் பங்குள்ள பகுதி அது. அதாவது, பிறர் பயத்தை உடனே பிடித்துக்கொள்ளும் மூளை அவர்களுக்கு. சின்ன எண்ணிக்கைதான், அதனால் இதை வைத்து உங்கள் தம்பியின் மூளை இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது. குளத்தின் மூலையில் ஒரு சின்னப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதை முதலில் கவனிப்பவன், பெரும்பாலும் தானே அப்படி நின்று பார்த்தவன்தான்.

ஆகவே உங்களுடைய மறைந்த கேள்விக்கு என் முதல் பதில்: பயம் இருப்பதால் அவன் பரிவு பொய் ஆகாது. இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்.

ஏரிக்கரைச் சம்பவத்துக்கு வருகிறேன். வழக்கமாகக் காலை நனைக்கவே தயங்குகிறவன் அன்று எப்படிக் குதித்தான்? பயத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஸ்டான்லி ராக்மன், இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுக்கு நடுவே மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்ற பதிவுகளைப் பார்த்து ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பிறரைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு யாரிடம் இருந்ததோ அவர்களுக்குத் தம் பயம் குறைந்து தெரிந்தது. தைரியம் என்பது பயமே இல்லாத நிலை என்று அவர் சொல்லவில்லை, பயம் இருக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்வது என்றார். உங்கள் தம்பிக்கு அன்று நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தையைப் பார்த்த நொடியில் பயத்துக்கு இடம் இருக்கவில்லை. வேலை முடிந்ததும் அது திரும்பி வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்துகொண்டது. நடுங்கியதைக் கோழைத்தனம் என்று யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அவனிடம் அது தப்பு என்று சொல்லுங்கள். இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் அப்படிப்பட்ட சொல்லைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள்.

ரிலே விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். அவன் ரிலேயில் இரண்டாவதாகவோ, அதற்குப் பிறகோ நீந்துகிறான் என்றால் அவனுடைய டைமிங் தானாகவே அரை நொடிக்கு மேல் குறைந்திருக்கும். தனிப் போட்டியில் ஒலி கேட்ட பிறகுதான் உடல் அசைய முடியும், பிளாக்கை விட்டுக் கால் கிளம்பவே நல்ல வீரர்களுக்குக்கூட 0.65 முதல் 0.75 நொடி ஆகும். ரிலேயில் முன்னால் வருபவர் சுவரைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டே கையைச் சுழற்றிக் கிளம்பலாம், அவர் தொடும் முன் கால் பிளாக்கை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். ஆகவே ரிலே டைமிங்கையும் தனி டைமிங்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து 'பார், இவ்வளவு வித்தியாசம்' என்று அவனைத் திட்டுவது நியாயம் இல்லை. முதலில் அந்த அரை நொடியைக் கழித்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

மிச்சம் இருந்தாலும் அதுவும் அதிசயம் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 4x100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலேயில் அமெரிக்காவின் ஜேசன் லீசாக் கடைசியாக நீந்தினார். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் பிரான்ஸின் அலைன் பெர்னார்ட். லீசாக் அந்த 100 மீட்டரை 46.06 நொடியில் முடித்தார், அமெரிக்கா 0.08 நொடியில் ஜெயித்தது. சில நாள் கழித்து அதே குளத்தில் தனி 100 மீட்டரில் லீசாக்கின் டைமிங் 47.67, வெண்கலம். தங்கம் வாங்கியவர் அதே பெர்னார்ட். ரிலே கிளம்பலின் லாபத்தைக் கழித்த பிறகும் லீசாக்கின் இரண்டு நீச்சலுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. அன்று அவருக்கு 32 வயது, உலகத்தரமான வீரர். அவரைப் பார்த்து யாரும் போட்டிக் குணம் இல்லாதவர் என்று சொல்லவில்லை. அதே ஒலிம்பிக்கின் நீச்சல் டைமிங்குகளை எடுத்து உளவியலாளர்கள் ஆராய்ந்தபோது, ரிலேயில் பின்னால் நீந்துபவர்கள் தம் தனி டைமிங்கை விட மேலே போனார்கள், முதலில் நீந்துபவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை என்று கண்டார்கள். 'நான் சொதப்பினால் இவர்கள் எல்லோருக்கும் போச்சு' என்ற எண்ணம் சிலருக்கு உந்துதலாக வேலை செய்கிறது. உங்கள் தம்பி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் போலிருக்கிறது. சிலருக்கு அதே எண்ணம் பாரமாகி அமுக்கிவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன், எனவே இது எல்லோருக்கும் பொருந்தும் சட்டம் இல்லை.

நான் பயிற்சியாளராக இருந்த ஆரம்ப காலத்தில் இதே மாதிரி ஒரு பையன் என்னிடம் இருந்தான். ரிலேயில் சிங்கம், தனியாக நீந்தினால் வாயில்லாப் பூச்சி. நான் அவனிடம், 'மத்தவங்களை விடு, உன்னைப் பத்தி மட்டும் யோசி' என்று மாதக்கணக்கில் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைக்கூட நிறுத்தச் சொன்னேன், கவனம் சிதறுகிறது என்று. அவன் டைமிங் ஏறவில்லை, சிரிப்புதான் குறைந்தது. ஒரு நாள் வருவதையே நிறுத்திவிட்டான். அவன் எதை ஊன்றி நின்றானோ அதையே நான் பிடுங்கிவிட்டேன் என்று புரிய எனக்கு வருடங்கள் ஆயின. உங்கள் கோச்சும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் அந்த வழியில் போகவேண்டாம் என்று அவரிடம் நானே சொல்ல ஆசைப்படுகிறேன்.

சரி, இப்போது கடினமான பகுதி. இதுவரை சொன்னதைக் கேட்டு 'அப்ப தம்பி நல்லாத்தான் இருக்கான்' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பரிவு உண்மையாக இருக்கும்போதே பயம் அதற்குள் புகுந்துகொண்டு ஒளிய இடம் தேடும். தேர்வுப் போட்டியில் இடத்தை விட்டுக்கொடுத்தது எனக்கு அந்தச் சந்தேகத்தைத் தருகிறது. விட்டுக்கொடுப்பதைப் போல கௌரவமான தப்பிக்கும் வழி வேறு கிடையாது. யாரும் குறை சொல்ல முடியாது, எல்லோரும் மெச்சுவார்கள், பிளாக்கில் ஏறவும் தேவை இல்லை. அவனுக்கே கூட எது எது என்று தெரியாமல் போகும். இதைத் துப்பறிந்து அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம், ஆனால் சில விஷயங்களைக் கவனிக்கலாம். விட்டுக்கொடுத்த பிறகு அவன் முகத்தில் என்ன இருந்தது? ஆசைப்பட்ட ஒன்றைக் கொடுத்தவனிடம் சந்தோஷத்தோடு கொஞ்சம் வலியும் இருக்கும். தப்பித்தவனிடம் ஒரு பெரிய பெருமூச்சு இருக்கும், இரண்டு நாள் கழித்து ஒரு வெறுமை வரும். நண்பனுக்கு உண்மையிலேயே அந்த இடம் தேவைப்பட்டதா, அவன் கேட்டானா? கேட்காத ஒருவனுக்கு வலிந்து கொடுத்திருந்தால் அது யாருக்காக என்று யோசிக்க வேண்டும். அவனுக்குப் பயமே இல்லாத விஷயங்களிலும் இப்படி விட்டுக்கொடுக்கிறானா? பிடித்த பண்டம், பிடித்த இருக்கை, படிப்பில் கிடைத்த வாய்ப்பு என்று எல்லாவற்றிலும் கொடுத்தால் அது பொதுவான குணம். போட்டி வரும்போது மட்டும் தாராளமாகிவிடுகிறான் என்றால் அங்கே பயம் பேசுகிறது.

எல்லாவற்றிலும் கொடுக்கிறான் என்றால் அதுவும் ஒரு கவலைதான். விக்கி ஹெல்கேசன், ஹெய்டி ஃப்ரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-களில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். பிறர் மேல் அக்கறை வைப்பது ஒன்று, தன்னையே அழித்துக்கொண்டு பிறருக்குள் கரைந்து போவது இன்னொன்று. முதலாவது மனிதனுக்கு நல்லது, உறவுகளைத் தருகிறது. இரண்டாவதோடு மனச்சோர்வும் உடல்நலக் குறைவும் சேர்ந்து வருகின்றன. நீரிழிவு உள்ள பதின்பருவப் பிள்ளைகளிடம் அவர்கள் பார்த்தபோது, இரண்டாம் விதப் பிள்ளைகளுக்கு மனக் கஷ்டம் அதிகமாக இருந்தது, சர்க்கரைக் கட்டுப்பாடும் மோசமாக இருந்தது. பிறர் பிரச்சினையிலேயே மூழ்கியிருப்பவர்களுக்குத் தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள நேரமும் மனமும் மிஞ்சுவதில்லை. நான் பிள்ளைகளிடம் இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் முதலில் பார்ப்பேன்: இவனால் வாங்கிக்கொள்ள முடிகிறதா? அவனுக்கு உடம்பு சரியில்லாதபோது நண்பர்கள் வந்து கவனித்தால் சும்மா இருக்கிறானா, இல்லை எழுந்து அவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வருகிறானா? தோள் வலிக்கிறது என்று கோச்சிடம் வாய்விட்டுச் சொல்கிறானா? கொடுக்கத் தெரிந்து வாங்கத் தெரியாத பிள்ளை, தனக்கு இடம் கிடைப்பதே கொடுப்பதால்தான் என்று நம்பிக்கொண்டிருக்கும். அந்த நம்பிக்கையைத்தான் மெல்ல இளக்க வேண்டும், கொடுக்கும் குணத்தைத் தொட வேண்டியதில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யோசித்திருப்பீர்கள். சில வீடுகளில் ஒரு பிள்ளை சின்ன வயதிலேயே பெரியவர்களின் துக்கத்தைத் தாங்கிப் பழகிவிடும். நோயாளி ஒருவர், ஓயாத சண்டை, ஒரு மரணம். வீடு கலங்காமல் இருக்க வேண்டுமே என்று எல்லோர் முகத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளும். இப்படி வளர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இப்படி எதுவுமே இல்லாமல், நிம்மதியான வீட்டில், பிறந்ததிலிருந்தே இந்தச் சுபாவத்தோடு இருக்கும் பிள்ளைகளையும் அதே அளவு பார்த்திருக்கிறேன். சுபாவத்தில் பிறவிப் பங்கு கணிசமாக உண்டு என்பது இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். எனவே காரணத்தைத் தேடி வீட்டில் யாரையும் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர்ப் பயத்துக்கும் இது பொருந்தும். நீச்சல்காரனுக்குத் தண்ணீர்ப் பயமா என்று கேலி செய்பவர்கள், குளத்துத் தண்ணீரும் திறந்த தண்ணீரும் ஒன்று என்று நினைக்கிறார்கள். குளத்தில் அடியில் கோடு தெரியும், 25 அல்லது 50 மீட்டரில் சுவர் வரும், லேன் கயிறு பக்கத்திலேயே இருக்கும். ஏரியில் இது எதுவும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் உடம்பில் பட்டதும் மூச்சு தானாகவே வெடுக்கென்று இழுபடும், நெஞ்சு படபடக்கும், முதல் ஒன்றிரண்டு நிமிடம் யாருக்கும் அப்படித்தான். பதறாமல் மல்லாந்து மிதந்தால் அது அடங்கிவிடும். அந்தப் படபடப்பைத் தன் கோழைத்தனம் என்று அவன் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எப்போதோ மூழ்கப் பார்த்திருப்பான், அதனால்தான் இந்தப் பயம் என்று உறவினர்கள் சொல்வார்கள். 1993-இல் மென்ஸீஸ், கிளார்க் என்ற இருவர் தண்ணீருக்குப் பயப்படும் சிறு பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் தடவை தண்ணீரைப் பார்த்தபோதே பயம் இருந்தது என்றார்கள். விபத்தைக் காரணமாகச் சொன்னவர்கள் மிக மிகக் குறைவு.

பயம் எப்படிக் குறையும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இது நன்றாகச் சோதித்துப் பார்த்த விஷயம். தவிர்க்கத் தவிர்க்க வளரும், படிப்படியாக நெருங்க நெருங்க அடங்கும். தள்ளிவிடுவது வேலைக்கு ஆகாது. முதல் நாள் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைப்பது, அப்புறம் இடுப்பளவு, அப்புறம் கரையை ஒட்டிப் பத்து மீட்டர் என்று, ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானாக இறங்கும் வரை நின்றுவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும். இவன் சுபாவத்துக்கு ஆரம்பத்தில் நண்பன் ஒருவன் பக்கத்தில் இருப்பது நல்லது. 2006-இல் ஜேம்ஸ் கோன் குழுவினர் செய்த சோதனையில், மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்த பெண்கள் கணவர் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் அச்சத்தின் அடையாளங்கள் குறைந்தன. அந்நியர் கையைப் பிடித்தபோதும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. நண்பன் எப்போதும் கூடவே இருந்தால், 'அவன் இருந்ததால் பிழைத்தேன்' என்றுதான் மனசு கற்றுக்கொள்ளும். எனவே நண்பன் முதலில் தண்ணீரில், பிறகு கரையில், பிறகு கூப்பிடு தூரத்தில் என்று தள்ளிப் போக வேண்டும். உயிர்காப்பாளர் மட்டும் எந்தப் படியிலும் விலகக்கூடாது.

அடுத்தது, நீங்கள் கேட்காதது, எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது. இந்தப் பிள்ளை இன்னொரு தடவையும் குதிப்பான். யோசிக்காமல் குதிப்பான். மூழ்குபவரைக் காப்பாற்றப் போனவரே மூழ்கி இறப்பது அடிக்கடி நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ஃபிராங்க்ளின், ஜான் பெர்ன் ஆகிய இருவர் இந்த மரணங்களைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். சொந்தக்காரரையோ, தெரிந்த குழந்தையையோ காப்பாற்ற இறங்கியவர்கள் அதில் நிறையப் பேர். நன்றாக நீந்தத் தெரிவது இங்கே போதாது. மூழ்குபவர் கையில் கிடைத்ததைப் பிடித்து அமுக்கி மேலே ஏறப் பார்ப்பார், அது அவர் குற்றம் இல்லை, உடம்பு அப்படித்தான் செய்யும். ஃபிராங்க் பியா என்ற உயிர்காப்பாளர் கவனித்துச் சொன்னபடி, மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதும் இல்லை, கையை ஆட்டுவதும் இல்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், 20 முதல் 60 நொடிக்குள் அடியில் போய்விடுவார். ஆகவே உங்கள் தம்பிக்கு 'இனிமேல் குதிக்காதே' என்று சொல்லிப் பயன் இல்லை. குதிக்காமல் எப்படிக் காப்பாற்றுவது என்று கற்றுக்கொடுங்கள். கரையில் படுத்துக்கொண்டு கம்பு, துண்டு எதையாவது நீட்டுவது. மிதக்கும் பொருளை, கயிற்றை வீசுவது. உதவிக்குக் கூப்பிடுவது. வேறு வழியே இல்லாமல் இறங்கினாலும் தனக்கும் மூழ்குபவருக்கும் நடுவில் ஒரு மிதவையை வைத்துக்கொண்டுதான் போவது. முறையான உயிர்காப்புப் பயிற்சியில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. அவன் குணத்துக்கு அது அப்படியே பொருந்தும், திறந்த தண்ணீர்ப் பயத்தைக் குறைக்கவும் அதைவிட நல்ல காரணம் அவனுக்குக் கிடைக்காது.

தனிப் போட்டிக்கு நான் செய்வது சாதாரணமானதுதான். முதலில் அவன் பிறருக்காக நீந்தட்டும் என்று விட்டுவிடுவேன். 'இந்த முதல் சுற்றில் முதல் 50 மீட்டரை எப்படிப் பிரித்து நீந்தினாய் என்று சின்னவர்களுக்கு வந்து சொல்' என்பேன். தனிப் போட்டியிலும் அவனுக்கு ஒரு துணை கிடைத்துவிடும். ஒரு சீசன் போன பிறகு, தண்ணீரில் அவனுக்கே அவனுக்காகப் பிடித்தது என்ன என்று கேட்பேன். பல பிள்ளைகள் முதலில் திகைத்துப் போவார்கள், யாரும் கேட்டதே இல்லை. ஒரு பெண் மூன்று வாரம் கழித்து வந்து, 'டர்ன் முடிஞ்சு சுவத்தை உதைச்சதும் ஒரு சத்தமும் இல்லாம போறது பிடிக்கும் சார்' என்றாள். அங்கிருந்து ஆரம்பித்தோம். நடுக்கத்தைப் பற்றி, அது போகவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டிக்கு முன் வரும் படபடப்பை 'அமைதியாகு' என்று அடக்குவதைவிட, உடம்பு தயாராகிறது என்று எடுத்துக்கொள்வது நிறையப் பேருக்கு உதவுகிறது. எல்லோருக்கும் உதவும் என்று சொல்லமாட்டேன்.

வயதையும் மறக்காதீர்கள். 16-இல் இருக்கும் சுபாவம் முடிந்துபோன ஒன்று இல்லை. பல வருடம் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இருபது முதல் நாற்பது வயதுக்குள் பெரும்பாலோருக்கு மனநிலை நிதானப்படுகிறது. மிகவும் பயந்த பிள்ளை நாளை பயமே அறியாதவனாக மாறிவிட மாட்டான், ஆனால் இதே அளவிலும் இருக்க மாட்டான். பயம் நீச்சலைத் தாண்டிப் பள்ளி, தூக்கம், சாப்பாடு என்று பரவினால், ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் வாந்தி எடுத்தால், தன்னால் யாருக்கும் பயன் இல்லை என்றோ, தான் இல்லாவிட்டால் நல்லது என்றோ பேசினால், இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு நேரில் ஒரு மனநல நிபுணரிடம் உடனே கூட்டிப் போங்கள்.

இன்னும் எழுதுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். தேர்வுப் போட்டியில் அவன் இடத்தை விட்டுக்கொடுத்தது யார் யார் எந்த லேன் என்ற பட்டியல் ஒட்டுவதற்கு முன்பா, பிறகா? அன்று காலையிலா, பிளாக்குக்குப் பக்கத்தில் நின்றபோதா? ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில், குறை சொல்லும் தொனி இல்லாமல், அவனிடமே கேளுங்கள். அவன் சொல்வதைப் பொறுத்து நான் மேலே சொன்னதில் பாதியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.